செத்த முதலையும் பதினைந்து வயதுப் பையனும்

கும்பகோணத்தில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். இங்கே நான் சொல்லப்போகும் பையனின் வீட்டார் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு. இருபது நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காலை ஏழரைக்கு வயிற்றுவலி வரும், ஒன்பதரைக்குப் போய்விடும். டாக்டரிடம் காட்டி ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. அப்புறம்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள். முதல் இரண்டு சந்திப்பிலும் தலையாட்டலைத் தவிர அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. மூன்றாவது முறை வந்தபோது சட்டைக் காலருக்குள்ளிருந்து ஹெட்போன் வயர் தொங்கியது. "என்னப்பா கேக்குற?" என்றேன்.

"பொன்னியின் செல்வன், மேடம். ஆடியோ."

சோழர் காலத்தைப் பற்றிக் கல்கி எழுதிய நாவல். பையன் ஆங்கில வழியில் படிக்கிறவன். தமிழில் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் யாரோ வாசிக்க, அவன் கேட்கிறான். யாரைப் பிடிக்கும் என்றதும் யோசிக்காமல் வந்தியத்தேவன் என்றான். எந்த இடம் ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். குதிரையையோ வாள்சண்டையையோ சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "முதலை" என்றான்.

படித்தவர்களுக்கு நினைவிருக்கும். குடந்தை சோதிடர் வீட்டில் தடாலென்று நுழைந்து, அங்கே இருந்த பெண்கள் முன்னால் அசடு வழிந்துவிட்டுக் கிளம்புகிறான் வந்தியத்தேவன். அரிசிலாற்றங்கரையில் போகும்போது, "முதலை, முதலை" என்று பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. குதிரையைத் தட்டிவிட்டு ஓடுகிறான். மரத்தடியில் வாயைப் பிளந்தபடி கிடக்கும் முதலையின் மேல் வேலை வீசுகிறான். வேலோடு வெளியே வருவது ரத்தமில்லை, பஞ்சும் நாரும். அது செத்த முதலை. சுற்றி நிற்கிற பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், சற்று முன்பு சோதிடர் வீட்டில் பார்த்து மனம் பறிகொடுத்த அதே பெண்ணும் நிற்கிறாள்.

"நம்ம அரசலாறுதானே மேடம் அது? டெய்லி ஸ்கூல் பஸ் அதைத் தாண்டித்தான் போகும். அவ்ளோ பேர் சிரிச்சாங்க. அவன் பாட்டுக்குக் குதிரையில ஏறித் தஞ்சாவூருக்குப் போயிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குறள் சொல்ல மேடை ஏறியிருக்கிறான். முதல் அடி வந்தது, இரண்டாம் அடி வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றிருக்கிறான். யாரோ சிரிக்க, பின்வரிசை வரைக்கும் சிரிப்பு பரவியிருக்கிறது. அன்றைக்கே ஒரு பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து வயிற்றுவலி.

இத்தனை நாளாகப் பெற்றோரிடமும் என்னிடமும் சொல்லாததை ஒரு பஞ்சு முதலையைக் காட்டிச் சொல்லிவிட்டான். பிள்ளைகளிடம் பேச வாசல் தேடும் எனக்கு இது புதிதில்லை. என்ன வலிக்கிறது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். என்ன பிடிக்கும் என்று கேட்டால், வலிக்கிற இடத்தை அவர்களே தொட்டுக்காட்டுவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த வயதுப் பிள்ளைகளின் மனதில் எப்போதும் ஒரு கற்பனைக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்றார். தலைமுடி, பரு, குரல் உடைந்தது என எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். நமக்கு ஒரு நிமிடச் சிரிப்பாகத் தெரிவது அவர்களுக்கு ஊர் கூடிக் கொடுத்த தீர்ப்பு. "இதுக்குப் போயா?" என்று நாம் கேட்கும்போது அந்தக் கூட்டத்தில் நாமும் போய் உட்கார்ந்துவிடுகிறோம். வந்தியத்தேவனோ அவமானம் வந்த பிறகும் தன் வழியில் போகிறான். அதை ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், பொழுதுபோக்குக்காக மட்டும் கேட்கிறது என்று நினைக்காதீர்கள்.

கதைக்குப் பெயர் கொடுத்தவர் அருள்மொழிவர்மர், பின்னாளில் ராஜராஜ சோழன். ஆனால் அவரைப் பார்க்க நாம் இரண்டாம் பாகம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதுவரை நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறவன் வாணர் குலத்து வந்தியத்தேவன். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் களைத்த குதிரையோடு வருகிறானே, அப்போது அவனுக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. கடம்பூர் மாளிகையில் அவன் ஒளிந்து கேட்கும்போதுதான் சோழ அரியணையைச் சுற்றிய சதி நமக்கும் புரிகிறது. அவனுக்குத் தெரியாதது எதுவும் நமக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியபோது, அவனோடு ஆபத்தில் மாட்டிக்கொண்ட வாசகர்கள் அடுத்த இதழுக்காக ஒரு வாரம் காத்திருந்தார்கள். அருள்மொழியைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும், இவனைப் பார்த்தால் தோளில் கைபோடத் தோன்றும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், அருள்மொழியின் அக்கா குந்தவையாரின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பேச்சும் பசியும் பயமும் கொடுத்து, இத்தனை தலைமுறைக்கு நண்பனாக்கியது கல்கியின் கற்பனை.

அவன் கையில் என்ன இருக்கிறது? ஒரு குதிரை, ஒரு வேல், ஒரு வாள், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இரண்டு ஓலை. முன்னோர் ஆண்ட நாடு போய்விட்டது. அருள்மொழியின் அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் நம்பிக் கொடுத்த வேலை ஒன்றுதான் இப்போதைக்கு அவன் சொத்து. வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போன பையன்கள் என்னிடம் வருவதுண்டு. பிளாஸ்டிக் ஃபைலில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் பேசும் வரவேற்பறைகளில் உட்கார்ந்து, தான் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று கூசிப்போனவர்கள். தஞ்சைக் கோட்டைக்குள் முதன்முதலாக நுழைகிற வந்தியத்தேவனை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே சக்கரவர்த்தியிடம் அவசரமாக "அபாயம்" என்று சொல்லி, அது கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் காதிலும் விழுந்துவிட, "அபயம்" என்றுதான் சொன்னேன் என்று சமாளிக்கிறானே, அந்த இடத்தைச் சொல்லி ஒரு கல்லூரி மாணவன் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு எழுத்தில் உயிர் தப்பிய மனிதன்!

இன்னொன்று நட்பு. என்னிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் சொல்வது மதிப்பெண்ணைப் பற்றியே இல்லை. "அவன் என்கூடப் பேச மாட்டேங்குறான்" என்பதுதான். செய்யாத தப்புக்குப் பழி வந்து, உயிர் நண்பனே நம்பாமல் போவதை விடப் பெரிய காயம் அந்த வயதில் குறைவு. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறன் முதுகில் குத்துப்பட்டு விழுகிறான். அவனைத் தூக்கிச் சுமந்து சேந்தன் அமுதன் வீட்டில் சேர்த்தவன் வந்தியத்தேவன். அந்தக் கந்தமாறனே, குத்தியவன் வந்தியத்தேவன்தான் என்று நம்புகிறான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை இதைச் சொல்லி என் முன்னால் அழுதாள். அவள் அழுதது கதைக்காக மட்டும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். (பெண்பிள்ளைகளில் பலர் பூங்குழலியைச் சொல்வார்கள். கோடிக்கரையில் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போகிற பெண். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

"பொய் பொய்யாச் சொல்றானே மேடம், அவனை நல்லவன்னு சொல்லிக் கொடுக்கலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவன் பொய் சொல்கிறான், அவசரப்படுகிறான், பேசக்கூடாத இடத்தில் பேசுகிறான். ஆனால் தனக்கு நாற்காலி வேண்டும் என்று அவன் பொய் சொல்வதில்லை, நம்பி ஒப்படைத்த வேலை கெடக்கூடாது என்று சொல்கிறான். பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை நாம் நினைப்பதைவிட நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். சந்தேகமிருந்தால், "அந்தப் பொய் சரியா, தப்பா?" என்று அவர்களிடமே கேட்டுப்பாருங்கள். இரவுச் சாப்பாடு ஆறிவிடும், அவ்வளவு பேசுவார்கள். மனதுக்கு எது சரி, எது தப்பு என்று பிள்ளை தானாக எடைபோட்டுப் பழக, கதையைப் போல ஆபத்தில்லாத இடம் கிடையாது. தான் யார் என்ற கேள்விதான் இந்த வயதின் பெரிய வேலை என்று எரிக் எரிக்சன் சொன்னார். பொன்னியின் செல்வன் தொடங்கிய அதே 1950-இல்தான் அவருடைய முக்கியமான நூலும் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு நாயகனாகப் போட்டுப் பார்ப்பது, துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது மாதிரிதான். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? கதைக்குள் மூழ்குவது நோயில்லை. நேரில் இல்லாத ஒருவரோடு மனதில் உறவு வைத்துக்கொள்வது மனித இயல்பு. ஆனால் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, இருந்த நண்பர்களையும் விட்டு விலகுகிறான், பிடித்த விளையாட்டில்கூட ஆசை போய்விட்டது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், விளையாட்டுக்குச் சொன்னது மாதிரி இருந்தாலும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மனஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. அப்போதும் கதையைப் பிடுங்காதீர்கள். புத்தகத்தையோ ஹெட்போனையோ பறித்துப் பூட்டி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பேச இருந்த ஒரே வாசலையும் அடைத்ததுதான் மிச்சம்.

அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. நம் பையனின் அப்பா அதைத்தான் செய்தார். நல்ல மனிதர், பாத்திரக்கடை வைத்திருக்கிறார், மகன் மேல் உயிர். மகனுக்கு வந்தியத்தேவனைப் பிடிக்கும் என்று தெரிந்ததும் அன்று இரவே, "அவனைப் பாருடா, எவ்வளவு பெரிய பழுவேட்டரையரையே எதிர்த்து நின்னான். நீ பள்ளிக்கூடம் போகப் பயந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குற" என்றிருக்கிறார். பையன் ஹெட்போனைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டான். ஒரு வாரம் தொடவில்லை.

அப்பாவை மட்டும் தனியாக வரச் சொன்னேன். அவன் தேடிப் போனது தைரியசாலியை இல்லை, சிரிப்புக்கு ஆளாகியும் எழுந்து நடந்த ஒருவனை என்று விளக்கினேன். அந்த நண்பனையே பிரம்பாக்கி அடித்தால் அவன் எங்கே போவான்? கதையின் கடைசிப் பகுதியையும் சொன்னேன். ஆதித்த கரிகாலனைக் காப்பாற்ற வேண்டும் என்பது வந்தியத்தேவனிடம் ஒப்படைத்த வேலை. அதில் அவன் தோற்றுப்போகிறான். கொலைப்பழியும் அவன் தலையில் விழுகிறது, பாதாளச் சிறையில் கிடக்கிறான். இவ்வளவு நடந்தும் குந்தவை அவனை வெறுக்கவில்லை, நாமும் வெறுப்பதில்லை. "உங்க பையனுக்கு உங்ககிட்டயும் அதுதான் வேணும் சார்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் எட்டாவது படிக்கிறப்ப ஒருதரம் ஸ்கூல் நாடகத்துல வேட்டி அவுந்துருச்சு மேடம். அதுக்கப்புறம் மேடையே ஏறல" என்றார். மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார், மகன் ஆட்டிய அதே மாதிரி.

என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. வகுப்பாசிரியரிடம் பேசி, பட்டப்பெயர் விஷயத்தைக் கவனிக்கச் சொன்னோம். முதல் வாரம் பையன் மதியம் வரைக்கும் மட்டும் பள்ளியில் இருந்தான். இரண்டு நாள் வயிற்றுவலி மறுபடியும் வந்தது, மூன்றாம் நாள் அதோடேயே போனான். பேருந்தை விட்டுவிட்டு, கடை திறக்கப் போகும் வழியில் அப்பாவே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். காரணம், இப்போது ஆடியோவை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்கிறார்கள், இரவில், மொட்டை மாடியில், ஸ்பீக்கரில் போட்டு. காலையில் போகும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சாம்.

போன வாரம் அடுத்த சந்திப்பைத் தள்ளிவைக்க அவர் போன் செய்தார். கடையில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவில், "கோடிக்கரை வரைக்கும் வந்துட்டோம் மேடம். அந்தப் பொண்ணு படகுல ஏத்திக்குமா ஏத்திக்காதான்னு சொல்லிடாதீங்க" என்றார்.