இரகசியம் என்று எழுதாதீர்கள்

போன மாதமும் ஒரு படிவம் திருத்த வந்தது. கம்பஸ் பிள்ளைகள் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போனால் கையெழுத்து வைக்கிற படிவம், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. முதல் வரி, ‘நீங்கள் கூறும் யாவும் இரகசியமாகப் பேணப்படும்’. நாலு வரி தள்ளி, உயிருக்கு ஆபத்து என்றாலோ நீதிமன்றம் கேட்டாலோ வெளியே சொல்லப்படும் என்கிறது. மட்டக்களப்பில் இந்த வேலை செய்கிற சினேகிதியிடம் ஒரு பிள்ளை கேட்டதாம்: “இரகசியம் எண்டு போட்டிருக்கு, மறுகா சொல்லுவம் எண்டும் போட்டிருக்கு. எது மிஸ் உண்மை?”

பிள்ளையில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை. இதற்கு ஆங்கிலத்தில் ‘கொன்ஃபிடென்ஷியாலிட்டி’. அதன் வேர் இலத்தீன் ‘ஃபீதெரே’, நம்புதல். இரகசியத்தின் வேர் வடமொழி ‘ரஹஸ்’, ஆளில்லாத தனியிடம். சரி, சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

1990 பிரச்சினையில் பக்கத்து வீட்டு மாமி ஊரைவிட்டுப் போகும்போது இரண்டு தங்கக் காப்பைச் சீலைத் துண்டில் முடிந்து அம்மாவிடம் தந்துவிட்டுப் போனா. அது அரிசிப் பானைக்குள் கிடந்தது ஒழுங்கை முழுக்கத் தெரியும். இரகசியமே இல்லை. ஆனால் மாமியின் மகனே வந்து கேட்டும் அம்மா கொடுக்கவில்லை. “உங்கட அம்மா வரட்டும் மனே” என்று அனுப்பிவிட்டா. பிறகு மாமிக்கு அவசர ஒப்பரேஷன் என்றபோது ஒன்றை அடகு வைத்தா. கண் விழித்ததும் மாமியிடம் முதலில் சொன்னதும் அதைத்தான். நான் சொல்லும் பொருள் முழுக்க இதற்குள் இருக்கிறது.

சட்டமும் ஏறக்குறைய அம்மா பக்கம்தான். 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், பல்கலைக்கழக மருத்துவ நிலைய உளவியலாளரிடம் ஒரு மாணவன், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்னான். அவர் வளாகப் பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸ் அவனை விசாரித்து விட்டுவிட்டது. பெண்ணின் வீட்டாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் கொல்லப்பட்டாள். 1976இல் இந்தக் கொலை தொடர்பான டரசோஃப் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்திலிருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. நம் நாட்டு 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமோ, தொழில்முறையில் ஒருவரிடம் சொன்னதென்றால், சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதைத்தான் காக்கிறது. உளவளத்துணையாளர் அந்த வரிசையில் இல்லை. ஆகவே ‘யாவும் இரகசியம்’ என்பது கொடுக்கவே முடியாத வாக்கு.

தூயதமிழ் நண்பர் ஒருவர் ‘மந்தணம்’ போடச் சொன்னார். தமிழ்நாட்டு அலுவலகக் கோப்புகளில் காணும் சொல். அதிலேயே ‘மந்த்ரணம்’ எட்டிப் பார்க்கிறது, அதை விடுவோம். அரசனும் மந்திரியும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற வாடை அதில். பகிடிவதையில் நொந்து, நித்திரையில்லாமல் வந்து குந்தியிருக்கிற முதலாம் வருடப் பிள்ளைக்கு அது என்ன விளங்கும்? இன்னொருவர் ‘மறைகாப்பு’ என்றார். மறை என்றால் வேதம். அதைவிட மோசம், மறை கழன்றவன் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? மனநலப் படிவத்தில் போய் அந்தச் சொல்லா! ‘அந்தரங்கம்’ நல்ல சொல்தான், ஆனால் அது என்னுடைய பொருள். அதை உங்களிடம் தந்த பிறகு உங்களுக்கு வருகிற பொறுப்பை அது சொல்லாது. ‘அடைக்கலம்’ அச்சாய்ப் பொருந்தும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் கொடுத்தது அடைக்கலம்தானே. ஆனால் இன்றைக்கு அதைக் கேட்டால் எங்கட ஆக்களுக்கு அகதி முகாம்தான் ஞாபகம் வரும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு அகராதியில் முதலில் கிடப்பதே சொல். அறைக்குள் யார் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. இங்கே மாணவ ஆலோசகர் பெரும்பாலும் விரிவுரையாளர், பரீட்சைத் தாளில் புள்ளி போடுகிறவரும் அவரே. அந்தப் பிள்ளைக்கு ‘இரகசியம்’ என்ற சொல் பயத்தைத்தான் கூட்டும்.

நான் ‘நம்பிக்கைக் காப்பு’ என்று தலைப்பிட்டு, கீழே இப்படி எழுதினேன்: ‘நீங்கள் நம்பிச் சொல்வதைக் காப்போம். உயிருக்கு ஆபத்து என்றாலோ நீதிமன்றம் கேட்டாலோ சொல்ல நேரும். அப்போதும் யாரிடம் சொல்கிறோம் என்பதை முடிந்தவரை முதலில் உங்களுக்குச் சொல்வோம்.’

நீளம் கூட என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.