கிரேக்கத் தீவில் திருமணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிரேக்கத் தீவு ஒன்றில் திருமணம் நடத்த விரும்பி என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இடத்தை முன்னதாகவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகின்றன. சான்டோரினியின் ஓயா ஊரில் கடலைப் பார்த்திருக்கும் மொட்டைமாடி ஒன்றின் படம் கைப்பேசியில் இருக்கும். பல நேரங்களில் அதற்கு முன்பணமும் கட்டியிருப்பார்கள். என்னென்ன ஆவணங்கள் தேவை, யார் யாருக்கு விசா கிடைக்கும், அந்த மாதத்தில் அங்கே காற்று எப்படி வீசும் என்பவை எல்லாம் அதன் பிறகுதான் கேள்விகளாக எழுகின்றன. திருமண ஏற்பாட்டாளராக நான் முதலில் செய்வது இந்த வரிசையை மாற்றுவதுதான். சட்டப்படியான திருமணம் எந்த நாட்டில் பதிவாகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வர வேண்டியவர்களில் யாரால் வர முடியும் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு மாதம், கடைசியாகவே தீவும் இடமும்.

கிரேக்கத்தில் மதம் சாராத பதிவுத் திருமணம் 1982ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி செல்லுபடியாகிறது. நகராட்சித் தலைவரோ அவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினரோ இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதை நடத்தி வைப்பார். நகராட்சி இசைந்தால் அலுவலகத்துக்கு வெளியே, நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்திலேயே நடத்தலாம். ஆர்த்தடாக்ஸ் தேவாலயத் திருமணமும் செல்லும். ஆனால் மணமக்களில் ஒருவராவது அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். நம்முடைய முறைப்படி அக்னி வளர்த்துத் தாலி கட்டும் சடங்கு மட்டும் நடந்தால் அது கிரேக்கப் பதிவேட்டில் ஏறிவிடும் என்று எண்ணக் கூடாது. ஏற்பாட்டு நிறுவனங்கள் விழா முடிவில் அழகாக அச்சிட்டுத் தரும் நினைவுச் சான்றிதழை அரசுச் சான்று என்று நம்பி ஊர் திரும்பிய இணையரை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சந்தித்திருக்கிறேன். கணவர் வேலை பார்க்கும் நாட்டுக்கு மனைவியை அழைத்துச் செல்ல விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், தங்களிடம் திருமணச் சான்று என்று ஒன்றுமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது.

சென்னைக்குத் திரும்பிப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற எண்ணமும் கைகொடுக்காது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 தமிழ்நாட்டுக்குள் நடந்த திருமணங்களுக்கானது. ஏதென்ஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி மணம் செய்துகொள்ள வேண்டுமானால், மணமக்களில் ஒருவராவது அங்கே 30 நாட்கள் தங்கியிருக்க வேண்டும். ஒரு வாரப் பயணமாக வருபவர்களுக்கு அது இயலாது. ஆகவே இருவரும் இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமக்களாக இருந்தால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி ஊரிலேயே பதிவுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, தாலி கட்டும் சடங்கைத் தீவில் வைத்துக்கொள்வதே நல்லது என்று நான் சொல்கிறேன். அந்தச் சட்டத்தில் அறிவிப்புக்குப் பின் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் நினைவுக்கு வந்தால் பயனில்லை. ஒரே தாலியை இருமுறை கட்டுவதா என்று தயங்கும் பெரியவர்களுக்கும் இந்த ஏற்பாட்டில் மனக்குறை இருக்காது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து மட்டுமே.

கிரேக்கத்திலேயே சட்டப்படி மணக்க வேண்டும் என்போருக்கு வழி திறந்தே இருக்கிறது, ஆனால் ஆவணங்களில் பொறுமை வேண்டும். பிறப்புச் சான்று, திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்று, பாஸ்போர்ட், முன்பு மணமாகியிருந்தால் மணமுறிவுத் தீர்ப்போ முன்னாள் துணையின் இறப்புச் சான்றோ வேண்டும். இவற்றில் பாஸ்போர்ட் நீங்கலாக மற்றவை அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு தரும் சான்றொப்பம்) பெற்று, கிரேக்க மொழியில் அதிகாரபூர்வமாக மொழிபெயர்க்கப்பட வேண்டும். பிரிட்டனில் வாழும் அந்நாட்டுக் குடிமக்கள் தங்கள் பகுதிப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து 28 நாட்கள் கழித்தே தடையில்லாச் சான்றைப் பெற முடியும். கனடாவில் அப்போஸ்டில் உடன்படிக்கை 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய குறிப்புகளை வைத்துக்கொண்டு தூதரகத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்கும் திருமணமாகாதவர் சான்றிதழை, உரிய சான்றொப்பங்களுக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலுக்கு அனுப்பலாம். எந்த வடிவிலான சான்றை ஏற்பார்கள் என்பதைத் திருமணம் நடக்கவிருக்கும் நகராட்சியிடமே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்து வடிவில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தீவில் ஏற்றுக்கொண்டார்கள் என்ற சொல் அலுவலகத்தில் எடுபடாது.

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரேக்கப் பதிவேட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் உண்டு. நம்மில் பலருக்குப் பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே தலைப்பெழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். சிலருடைய பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். தாயின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் மற்றோர் ஆவணத்தில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருப்பதும் வழக்கம். கிரேக்க அதிகாரியின் பார்வையில் இவை இரு வேறு மனிதர்களின் ஆவணங்கள். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் பெற்றுக் கொண்டுவந்தால் வேலை நடக்கும். தீவுக்கு வந்தபின் அதை ஏற்பாடு செய்ய முடியாது. பிறக்கப் போகும் பிள்ளைகளின் குடும்பப் பெயர் என்னவாக இருக்கும் என்பதைத் திருமணத்துக்கு முன்பே மணமக்கள் சேர்ந்து அறிவிக்க வேண்டும் என்பதும் கிரேக்கச் சட்டம். தந்தையின் சொந்தப் பெயரையே பிள்ளைக்குத் தலைப்பெழுத்தாக வைக்கும் குடும்பங்கள் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வருவது நல்லது.

அடுத்தது விருந்தினர். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா குடிமக்கள் விசா இல்லாமல் வந்து 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, லண்டனில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களாக இருந்தாலும், ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு 15 நாட்களில் வரலாம், 45 நாட்கள் வரை நீளவும் கூடும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயணக் காப்பீடும் வேண்டும். கோடையில் விண்ணப்ப மையங்களில் நாள் கிடைப்பதே அரிது. சடங்கில் பங்கு உள்ளவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்து, தாய்மாமன், அத்தை, பெண்ணைத் தாரைவார்க்க வேண்டிய பெற்றோர், குருக்கள் ஆகியோருக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நண்பர்கள் பத்துப் பேர் வராவிட்டாலும் திருமணம் நடக்கும். தாய்மாமன் விசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருந்துவிட்டால் அந்தக் குறை குடும்பத்தில் நெடுங்காலம் பேசப்படும். நாதஸ்வரம், தவில் கலைஞர்கள் ஊதியத்துக்கு வாசிக்க வருபவர்கள் என்பதால், அவர்களுக்கு எந்த வகை விசா பொருந்தும் என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம் பஞ்சாங்கமே உதவுகிறது. ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்னும் வடகாற்று நாள்கணக்கில் பலமாக வீசும். பந்தல் துணி, பூ அலங்காரம், மணப்பெண்ணின் சேலைத் தலைப்பு, ஒலிபெருக்கி, ஹோமத் தீ எதையும் அது விட்டுவைக்காது. காற்று மிகக் கடுமையானால் கப்பல் போக்குவரத்தே தடை செய்யப்படும். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் விருந்தினர் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க நேரும். ஆகஸ்ட் 15 மரியன்னை திருவிழாவை ஒட்டிக் கிரேக்கர்களே தீவுகளை நோக்கிப் பயணிப்பதால் கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது. இந்த நாட்களில் பெரும்பகுதி நாம் திருமணம் வைக்காத ஆடி மாதத்தில் அடங்கிவிடுகிறது. வைகாசியும் ஆவணியின் பிற்பகுதியும் தீவுகளில் இனிமையானவை; இரண்டில் நான் வைகாசியையே பரிந்துரைப்பேன். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும், புனித வெள்ளி முதல் ஈஸ்டர் திங்கள் வரை நகராட்சி அலுவலகங்கள் இயங்கா. 2027இல் அந்த ஈஸ்டர் மே 2 அன்று வருகிறது.

முகூர்த்தத்தைத் தீவின் சூரிய உதயத்தை வைத்துக் கணித்துத் தரும்படி கேட்க வேண்டும். சென்னை நாட்காட்டியில் அச்சாகியிருக்கும் ராகுகாலம் காலை 6 முதல் மாலை 6 வரை என்ற கணக்கில் உள்ளது. ஜூன் மாதத்தில் சான்டோரினியில் பகல் பதினான்கரை மணி நேரம் நீள்வதால், எட்டில் ஒரு பங்கான ராகுகாலம் அங்கே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டி ஏறக்குறைய 1 மணி 49 நிமிடம் வரும். மாலை விழாவுக்கும் இது பொருந்தும், ஏனெனில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேல் ஆகும்.

தீவைப் பொறுத்தவரை என் கருத்து வெளிப்படையானது: நாற்பது, ஐம்பது பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்கும், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் நிறைந்த குடும்பத்துக்கும் சான்டோரினியின் எரிமலை விளிம்பு ஊர்கள் ஏற்றவை அல்ல. ஓயாவிலும் ஃபிராவிலும் வீடுகள் பாறைச் சரிவில் படிப்படியாக அமைந்திருக்கின்றன. பல விடுதிகளுக்கு வண்டி போகாது, பெட்டிகளை ஆட்கள்தான் சுமந்து வருவார்கள். சக்கர நாற்காலியில் பெரும்பாலான இடங்களுக்குப் போக முடியாது. 2025 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே தொடர்ச்சியாக ஏற்பட்ட நில அதிர்வுகளால் 11,000க்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ காரணமாக ஏறக்குறைய 19,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எந்தத் தீவும் முழுப் பாதுகாப்பானது என்று யாரும் உறுதி தர முடியாது; ஆகவே இத்தகைய நிகழ்வில் முன்பணம் திரும்புமா, தேதி மாற்றித் தரப்படுமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், காப்பீட்டையும் முன்பணம் கட்டும் நாளிலேயே எடுக்க வேண்டும். நூற்றைம்பது பேர் வருவார்கள் என்றால் கிரீட் தீவைப் பாருங்கள். ஹெராக்லியோன், ஹானியா என இரண்டு சர்வதேச விமான நிலையங்களும், சமதளத்தில் பெரிய விடுதிகளும், பெரிய மருத்துவமனைகளும் அங்கே உண்டு. ரோட்ஸ், கோர்ஃபு தீவுகளும் பெரிய கூட்டத்தைத் தாங்கும்.

சடங்குக்கான பொருட்களில்தான் கடைசி நேரத் தவிப்பு அதிகம். 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டுவரும் பூ, இலை, பழம் அனைத்துக்கும் தாவர நலச் சான்று தேவை. அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. தேங்காயும் வாழைப்பழமும் வரலாம். வெற்றிலை, மாவிலைத் தோரணம், வாழையிலை, மல்லிகைச் சரம் ஆகியவற்றைச் சான்றில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். பால்பொருட்களுக்கும் தடை உள்ளதால் ஹோமத்துக்கான நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வரக் கூடாது. ஏதென்ஸின் ஒமோனியா பகுதியில் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. நெய்யையும் மளிகைப் பொருட்களையும் அங்கே வாங்கிக் கப்பலில் அனுப்பச் செய்யலாம். நகைகளைப் பொறுத்தவரை, இந்தியாவிலிருந்து புறப்படும்போதே சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது விளக்கம் சொல்ல நேராது.

ஹோமத் தீ பற்றி இடத்தின் உரிமையாளரிடம் முதல் உரையாடலிலேயே கேட்க வேண்டும். மே 1 முதல் அக்டோபர் 31 வரை கிரேக்கத்தில் தீத்தடுப்புக் காலம். திறந்தவெளியில் தீ மூட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, அபாயம் மிகுந்த நாட்களில் எந்த விலக்கும் எதிர்பார்க்க முடியாது. கூரையுள்ள இடத்தில், சிறிய குண்டத்தில், தீயணைப்புக் கருவியை அருகில் வைத்து நடத்த எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, குருக்களிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் 3 முதல் 5.30 மணி வரையும் இரவு 11 மணிக்குப் பிறகும் அமைதி நேரம் என்பதால் கெட்டிமேளம் காலை முகூர்த்தத்தில் ஒலிப்பதே நல்லது. நீலக் குவிமாடங்கள் படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்டவை அல்ல, மக்கள் வழிபடும் தேவாலயங்கள். அவற்றின் கூரையில் ஏறிப் படமெடுக்கும் வழக்கத்தை நாம் ஊக்குவிக்கக் கூடாது.

செலவைப் பற்றி இரண்டே கேள்விகள்: சொல்லப்பட்ட தொகையில் 24 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறதா, ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் வசூலிக்கப்படும் காலநிலைக் கட்டணத்தை யார் செலுத்துவார்கள். ஐந்து நட்சத்திர விடுதியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது அறைக்கு 15 யூரோ. அறுபது அறைகளை மூன்று இரவுகளுக்கு எடுத்தால் 2,700 யூரோ ஆகிவிடும்.

கிரேக்கத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள் 40 நாட்களுக்குள் அது பதிவு அலுவலகத்தில் ஏறியதை உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் நகராட்சியிலோ ஏற்பாட்டாளரிடமோ அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டு மணமக்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் தீவை விட்டுப் புறப்படும் முன், பதிவேட்டில் எழுதப்போகும் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். சான்றில் மூன்று பிரதிகளாவது அப்போஸ்டிலுடன் கேளுங்கள்: ஒன்று விசா விண்ணப்பத்துக்கு, ஒன்று பாஸ்போர்ட்டில் துணைவரின் பெயர் சேர்ப்பதற்கு, மற்றொன்று வீட்டில் இருப்பதற்கு.