ரைல்ஸ் ட்யூபும் மூன்று சாட்சிகளும்

"ரைல்ஸ் ட்யூப் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வாய்?" மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் இந்த உணவுக் குழாயைப் பற்றி, வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிகளிடம் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "சிரிஞ்சில் காற்றை ஏற்றி, மேல்வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்போம் சிஸ்டர்." யார் சொன்னது? சீனியர் அக்கா சொன்னார், செய்முறைப் புத்தகத்தில் இருக்கிறது, போதாததற்கு வாட்ஸ்அப்பில் வந்த வண்ணப்படம் வேறு.

பார்த்தால் மூன்று சாட்சிகள். அக்கா படித்தது அதே புத்தகம், படம் வரைந்தவரும் அதைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார். ஆக, சாட்சி ஒன்றுதான். அதுவும் எந்த வருடத்துப் பதிப்போ!

ட்யூப் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தாலும், உணவுக்குழாயிலேயே நின்றுவிட்டாலும் அந்தக் களகள சத்தம் வயிற்றில் கேட்கக்கூடும். ஃபீட், அதாவது ட்யூப் வழியே செலுத்தும் திரவ உணவு, நுரையீரலுக்குள் போய் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2005-லேயே இந்தச் சோதனை வேண்டாம், நீல லிட்மஸ் தாளும் வேண்டாம் என்று எச்சரித்தது. 2011-ல் மறுபடியும் அழுத்திச் சொன்னது: ட்யூப் வழியாக உறிஞ்சி எடுத்த திரவத்தின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1 முதல் 5.5 வரை இருந்தால் ஃபீட் தொடங்கலாம். திரவம் வராவிட்டாலோ அளவு அதற்கு மேல் போனாலோ எக்ஸ்ரே.

வெளிநாட்டு அமைப்பு சொன்னது என்பதற்காக இதை நான் ஏற்கவில்லை. சொன்னது யார், எந்த வருடம், எதை வைத்து என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. வண்ணப்படத்தில் தேதிகூட இல்லை. ஆனாலும் நம் நோயாளிக்கு அது பொருந்துமா என்று நாம்தான் பார்க்க வேண்டும். பான்டாப்ரசோல் போடாத நோயாளியை நம் வார்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும்! அந்த மருந்தால் வயிற்று அமிலம் குறைந்து, ட்யூப் சரியாக இருந்தாலும் பிஹெச் ஏறலாம்.

"ஜர்னலில் வந்திருக்கிறது சிஸ்டர்" என்பதும் முழுப் பதில் ஆகாது. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் லான்செட்டில்தான் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010-ல்தான் திரும்பப் பெற்றார்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடும்போது கட்டுரைத் தலைப்பின் மேலே திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காசு கட்டினால் ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழ்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

தேடலை ஒற்றை ஆய்வில் தொடங்காமல், பல ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் போன்ற இடத்தில் தொடங்கினால் பாதி வேலை மிச்சம். அவர்களுடைய எளிய சுருக்கங்களில் பல தமிழிலும் கிடைக்கின்றன.

உங்கள் வார்டில் பிஹெச் ஸ்ட்ரிப் இல்லையா? அடுத்த இண்டென்டில் (வார்டுக்குத் தேவையான பொருள்களைக் கேட்கும் பட்டியலில்) எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து. அது வரும்வரை முதல் ஃபீடுக்கு முன் எக்ஸ்ரே கேளுங்கள். மூக்கருகே ட்யூபில் தெரியும் சென்டிமீட்டர் குறியை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சார்ட்டில் குறித்து வையுங்கள்.