காரின் அடிவயிற்றில் கறள்

சென்ற ஏப்ரலில் சித்தியின் மகன் ஒரு பழைய காரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசல். 2012ஆம் ஆண்டுக் கார், மெழுகு பூசிப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். "அண்ணை, நல்லாத்தானே கிடக்கு?" என்றான். நான் ஒரு மட்டைப்பெட்டியைப் பிரித்து நிலத்தில் விரித்துப் படுத்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ரோர்ச் லைட்டைப் பிடித்தேன்.

பெற்றோல் தாங்கியின் ஓரமாக இரண்டு மெல்லிய குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடின. ஒரு பிளாஸ்ரிக் கிளிப் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. கிளிப்புக்குத் தள்ளி இருந்த பகுதியில் பழைய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. கிளிப்பின் வாயில் மட்டும் குழாய் தடித்துப் பொருக்கு வெடித்திருந்தது. விரலால் தடவியபோது செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த புழுதி ஈரமாகக் கறுத்திருந்தது. தொட்டுத் தேய்த்தால் எண்ணெய்போல வழுக்கியது. தண்ணீர் அப்படி வழுக்காது. அது பிரேக் ஒயில்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "ஓடிப் பார்த்தனான் அண்ணை, பிரேக் நல்லாப் பிடிக்குதே?" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. உக்கிப்போன குழாயை வைத்துக்கொண்டு ஒரு கார் எப்படி நன்றாகப் பிரேக் பிடிக்கிறது? அதற்கான விடை தெரிந்தால்தான், ஓடிப் பார்ப்பது ஏன் போதாது என்பது விளங்கும்.

நாம் மிதியை அழுத்தும்போது அந்த விசை கம்பியாலோ சங்கிலியாலோ சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு திரவம்தான் அதைக் கொண்டுபோகிறது. மிதியோடு பூட்டிய மாஸ்ரர் சிலிண்டர் என்ற உருளைக்குள் இருக்கும் பிரேக் ஒயிலை மிதி தள்ளுகிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்று பாஸ்கல் சொன்ன விதிதான் இங்கே வேலை செய்கிறது. சிவப்பு விளக்கில் ஆறுதலாக நிற்கும்போது குழாய்க்குள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 20, 30 கிலோ அமுக்கம் இருக்கும். குழந்தை ஒன்று திடீரென்று வீதிக்கு ஓடிவர, நாம் இரண்டு காலாலும் மிதித்தால் அது 100 கிலோவைத் தாண்டும். கார் ரயரில் இருக்கும் அமுக்கம் 2 கிலோவுக்குச் சற்றுக் கூட. அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

இந்த அமுக்கத்தைத் தாங்கும் குழாய் ஒரு பென்சிலைவிட மெல்லியது. பெரும்பாலான கார்களில் வெளி விட்டம் 4.76 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. சுவரின் தடிப்பு 0.7 மில்லிமீற்றர்தான். செப்புப் பூசிய மெல்லிய உருக்குத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டி, சூளையில் சூடாக்கி, செப்பு உருகி இரண்டு சுற்றையும் ஒட்டவைக்கும் முறையில் இதைச் செய்கிறார்கள். வெளியே நாகம் (துத்தநாகம்) அல்லது நாகமும் அலுமினியமும் சேர்ந்த பூச்சு. அதற்கு மேல் பல கார்களில் பிளாஸ்ரிக் அல்லது நைலோன் தோல்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். குழாய்க்குள் அமுக்கம் கூடினால் சுவர் இழுபடும். சுவர் எவ்வளவு மெல்லியதோ, இழுவிசை அவ்வளவு கூடும். புதுக் குழாயில் அவசர மிதியின்போதுகூட, உருக்கு நெளியத் தொடங்கும் எல்லையின் ஏழில் ஒரு பங்கு இழுவைதான் வரும். சரி, கறள் தின்று தின்று 0.1 மில்லிமீற்றர் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலான மிதியில் இழுவை அந்த எல்லையின் நாலில் ஒரு பங்கு. குழாய் சிரமமில்லாமல் தாங்கும். அவசர மிதியில் அதே குழாய் எல்லையைத் தொட்டுவிடும். கறள் சமமாகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்னும். ஆகவே இது துல்லியமான கணக்கில்லை. ஆனால் சொல்லவந்த விடயத்துக்கு இது போதும்: சுவரின் ஏழில் ஆறு பங்கு போன பிறகும் அன்றாட ஓட்டத்தில் எதுவும் தெரியாது. குழாய் வெடிக்கும் தருணம், பிரேக் உயிர்போகும் அளவுக்குத் தேவைப்படும் தருணம்தான்.

இதனால்தான் இந்தக் கறளை நினைத்தாலே எனக்குப் பயம். ரயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், பிரேக் பாட் தேய்ந்தால் கீச்சென்று கத்தும். குழாய் கடைசிவரை வாய் திறக்காது.

இனி உப்புக்கு வருவோம். ஒன்ராறியோவில் ஹியூரன் ஏரிக்கரையில் கோட்ரிச் என்று ஓர் ஊர். ஏரிக்கு அடியில், 500 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கே இருக்கிறது. கனடாவில் ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் உப்பை வீதிகளில் கொட்டுகிறார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூட இந்த அளவை மனத்தில் கொண்டுவருவது கடினம். அமெரிக்காவில் நியூ ஹாம்சயர் மாநிலம் 1940களின் தொடக்கத்தில் வீதிக்கு உப்புப் போடுவதை வழக்கமாக்கியது, பிறகு குளிர்ப் பிரதேசம் முழுவதும் பரவியது. உப்பைக் குறை சொல்லவும் முடியாது. உப்புக் கரைந்த தண்ணீர் சைபர் பாகையில் உறையாது. வீதியில் பனிக்கட்டி ஒட்டாமல் இருப்பதும், காலையில் நாம் வேலைக்குப் போய்ச் சேருவதும் அதனால்தான். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதே உப்புத்தான் சக்கரம் விசிறியடிக்கும் சேற்றோடு காரின் அடியில் போய் ஒட்டுகிறது.

இரும்பு கறள்பிடிப்பது ஒரு மின் வேலை. இரும்பு அணு ஒன்று இலத்திரன்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த இலத்திரன்களை இன்னோரிடத்தில் ஒட்சிசனும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மின்னேற்றம் ஓட ஒரு பாதை வேண்டும். நல்ல தண்ணீர் மிக மோசமான பாதை. உப்புத் தண்ணீர் நெடுஞ்சாலை. போதாததற்கு, பூச்சின் மேல் இயற்கையாகப் படியும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உப்பில் உள்ள குளோரைட்டு உடைத்துக்கொண்டே இருக்கிறது. நாகப் பூச்சு தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும் குணமுள்ளது. ஆனால் அது தீரும்வரைதான்.

கிளிப்புக்குள் ஏன் இவ்வளவு மோசம்? குழாயின் திறந்த பகுதியை மழை கழுவும், காற்று உலர்த்தும். கிளிப்புக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள மயிரிழை இடைவெளிக்குள் போன உப்புச்சேறு அங்கேயே குடியிருக்கும். உள்ளே ஒட்சிசன் சீக்கிரம் தீர்ந்துவிடும், வெளியே தாராளமாக இருக்கும். ஒட்சிசன் குறைந்த இடத்து உலோகம்தான் கரையும் பக்கமாக மாறும். குளோரைட்டு உள்ளே வந்து சேரச் சேர அந்தச் சிறு பொந்தில் அமிலம் கூடும், அமிலம் கூடக் கூடக் கரைவது வேகமாகும். தானே தன்னைத் தூண்டிக்கொள்ளும் வேலை இது. குழாயைப் பத்திரமாகப் பிடித்து வைக்கப் போட்ட கிளிப்பே அதைத் தின்னும் இடமாகிவிடுகிறது.

ஜனவரியில், வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை இருக்கும்போது கறள் மிக மெதுவாகத்தான் நடக்கும். குளிர் எந்த இரசாயன வேலையையும் மந்தமாக்கும். உண்மையான சேதம் மார்ச், ஏப்ரலில், உப்பும் ஈரமும் இளஞ்சூடும் சேரும்போது வருகிறது. சூடாக்கிய வீட்டுக் கராஜுக்குள் ஒவ்வொரு இரவும் உப்புச்சேற்றோடு காரைக் கொண்டுபோய் விடுவதும் இதே மாதிரித்தான். குளிரில் கிடக்கும் காரைவிட அந்தக் கார் வேகமாகக் கறள்பிடிக்கும். காரைச் செல்லமாகப் பார்க்கிறோம் என்று நினைத்துச் செய்கிற வேலை!

சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் தானாக ஈரம் உறிஞ்சிக் கரையும். வீதியில் தெளிக்கும் மகனீசியம் குளோரைட்டு, கல்சியம் குளோரைட்டுக் கரைசல்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதனே போதும். கடும் குளிரிலும் பனியைக் கரைப்பதால் பல நகரங்கள் இவற்றை விரும்புகின்றன. மழையே பெய்யாத நாளிலும், வீட்டுக்குள் இருக்கும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் குழாயை நனைத்து வைத்திருக்கக் கூடியவை இவை.

இந்தப் பிரச்சினை அரசாங்கம்வரை போனது. ஜெனரல் மோட்டர்ஸின் 1999 முதல் 2003 வரையான பெரிய பிக்கப் வண்டிகளிலும் எஸ்யூவிகளிலும் பிரேக் குழாய் உக்கி வெடித்ததாக முறைப்பாடுகள் வந்ததால், அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் விசாரித்தது. 2015 ஏப்ரலில் விசாரணையை மூடியது. திரும்ப அழைக்கும் உத்தரவு வரவில்லை. இது தயாரிப்புக் குறையில்லை, உப்புப் போடும் மாநிலங்களில் வயதான வண்டிகளுக்கு வரும் தேய்மானம், வேறு நிறுவனங்களின் வண்டிகளிலும் இதே கதைதான் என்பது அவர்களின் முடிவு. கூடவே 2007க்கும் அதற்கு முந்திய மாடல்களுக்கும் சொந்தக்காரர்கள் பிரேக் குழாய்களைப் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். அன்றைக்கு அது ஏழெட்டு வயதுக் கார். அந்த முடிவில் எனக்கு முழுத் திருப்தியில்லை. இதைவிட நல்ல உலோகம் அப்போதே இருந்தது. செப்பு, நிக்கல், கொஞ்சம் இரும்பு சேர்ந்த கலவைக் குழாயை வொல்வோ நிறுவனம் 1970களிலேயே போடத் தொடங்கிவிட்டது. கடல்நீர் ஓடும் கப்பல் குழாய்களுக்குப் பாவிக்கும் அதே உலோகம் அது. விலை கொஞ்சம் கூட என்பதைத் தவிர அதை ஒதுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உங்கள் கார் ஏழெட்டுக் குளிர்காலம் கண்டிருந்தால், பொனற்றைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவின் மட்டத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். பாட் தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. சில வாரத்தில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு காரை வாசலிலேயே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மிதியை அவசரத்துக்கு மிதிப்பதுபோலப் பலமாக மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். மிதி கல்லுப்போல நிற்க வேண்டும். மெதுவாகத் தரையை நோக்கி அமிழ்ந்தால், அல்லது பஞ்சுபோல இருந்தால், அந்தக் காரை வீதியில் இறக்காதீர்கள். இந்த மிதியில் குழாய் வெடிக்கவும் கூடும். வெடிப்பதானால் 401 நெடுஞ்சாலையில் வெடிப்பதைவிட உங்கள் வாசலில் வெடிப்பது எவ்வளவோ நல்லது. வெடிக்கவில்லை என்பதற்காகக் குழாய் நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பார்ப்பதற்குக் காருக்கு அடியில் போகவேண்டும் என்றால், ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். தாங்கிக் கட்டைகள் கட்டாயம் வேண்டும். அதைவிடச் சுலபம், குளிர்கால ரயர் மாற்றக் கராஜில் காரை மேலே தூக்கியிருக்கும்போது ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி நீங்களே கீழே நின்று பார்ப்பது. சாரதி ஆசனத்துக்கு அடியில் தொடங்கிப் பின்னால் போகும் குழாயை கண்ணால் தொடர்ந்து போங்கள். ஒவ்வொரு கிளிப்பிலும், பெற்றோல் தாங்கிக்கு மேலே அது மறையும் இடத்திலும், பின் அச்சுக்கு மேல் வளையும் இடத்திலும், ஏபிஎஸ் (பலமாக மிதிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் கருவி) பெட்டியில் பூட்டும் இடத்திலும் நின்று பாருங்கள். துணியால் மெதுவாகத் துடையுங்கள். கம்பித் தூரிகையால் உரசி இருக்கிற பூச்சையும் போக்கிவிடாதீர்கள். வழவழப்பான பரப்பில் லேசான மண்ணிறம் மட்டும் என்றால் அவசரமில்லை. பிளாஸ்ரிக் தோல் கொப்புளித்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பொருக்கு, செதில், குழி, குழாயே தடித்த தோற்றம் என்றால் கதை முடிந்தது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். குழாய் தடித்துத் தெரிகிற இடத்தில் உள்ளே உலோகம் மெலிந்திருக்கிறது.

குழாய் ஒன்று போனால் கார் முழுதாகப் பிரேக் இழக்காது என்பது ஆறுதலான செய்தி. அமெரிக்காவில் 1968 முதல் கார்களில் இரண்டு தனித்தனிப் பிரேக் சுற்றுகள் கட்டாயம். ஒன்று வெடித்தாலும் மற்றது இரண்டு சக்கரங்களைப் பிடிக்கும். ஆனால் மிதி சட்டென்று தரைப்பக்கம் இறங்கும், நிற்கும் தூரம் வெகுவாக நீளும். பதற்றத்தில் காலை எடுக்காமல், தொடர்ந்து முழுப் பலத்தோடு மிதியுங்கள்.

திருத்தும்போது உக்கிய துண்டை மட்டும் வெட்டி நடுவில் இணைப்புப் போடச் சொல்லாதீர்கள். பக்கத்துத் துண்டும் அதே உப்பில் அதே வருடங்கள் கிடந்ததுதான். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நெருக்கு இணைப்புகள் இந்த அமுக்கத்துக்கு ஆகவே ஆகாது. குழாயின் வாயை இரட்டை மடிப்பாக விரித்துத்தான் பூட்ட வேண்டும். முழுக் குழாயையும் செப்பு நிக்கல் கலவையில் போடச் சொல்லிக் கேளுங்கள். கையாலேயே வளைக்கலாம் என்பதால் வேலை செய்பவர்களுக்கும் அதுதான் விருப்பம். தனிச் செப்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி வெடிப்பு விழும்.

கூலிதான் கூட வரும். கறள்பிடித்த நட்டுகளைக் கழற்றுவதும், சில கார்களில் பெற்றோல் தாங்கியை இறக்குவதும், கடைசியில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதும் நேரம் தின்னும் வேலைகள். பேரம் பேசி இதைக் குறைக்காதீர்கள்.

சித்தியின் மகன் ஜூனில் வேறொரு கார் வாங்கினான். அதன் குழாய்கள் நன்றாக இருந்தன. ஒக்ரோபரில் பனி விழமுன் அடிப்பக்கம் முழுவதும் எண்ணெய்ப் பூச்சு அடித்தோம். கிளிப் ஒவ்வொன்றின் வாயிலும் நுனிக்குழலை வைத்து, எண்ணெய் மறுபக்கத்தால் ஒழுகும்வரை அடிக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் சைபருக்கு மேல் வெப்பம் வரும் நாள்களில் அடிப்பக்கம் கழுவுகிறான். இந்த ஏப்ரலில் கடைசி உப்பும் மழையில் போன பிறகு ஒருமுறை ஆற அமரக் கழுவிவிட்டு, மட்டைப்பெட்டியை விரித்துத் தானே கீழே படுத்தான். "அண்ணை, இந்தக் கிளிப்பில கொஞ்சம் மண்ணிறமாக் கிடக்கு, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். பழைய எண்ணெயில் ஒட்டிய புழுதி. துடைத்ததும் கறுப்புப் பூச்சு முழுதாகத் தெரிந்தது.