ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தின் பின்னால் தெரிந்தது என்ன?

சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்நட்சத்திரம் 2025இல் கண்டறியப்பட்டபோது, அது வேற்றுலகக் கலமாக இருக்கலாம் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. அதையொட்டி வாசகர் ஒருவர், வால்நட்சத்திரத்தின் பின்னால் விண்கலம் ஒளிந்து வர முடியுமா என்று கேட்டிருந்தார். இதே ஐயம் 1996இலும் எழுந்தது. மறு ஆண்டு, அப்படியொரு கலம் தங்களை ஏற்றிச்செல்லும் என்று நம்பிய 39 பேர் தற்கொலை செய்துகொண்ட நிகழ்வோடு அது பிணைந்தும் போனது.

ஆலன் ஹேல், தாமஸ் பாப் இருவரும் 1995 ஜூலையில் தனித்தனியே கண்டறிந்த ஹேல்-பாப், ஏறத்தாழ 18 மாதங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 1996 நவம்பரில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து அமெச்சூர் வானியலர் ஒருவர் எடுத்த படத்தில், அதனருகே சனிக்கோளைப் போல இருபுறமும் கோடு நீண்ட ஓர் ஒளிப்பொட்டு விழுந்திருந்தது. தம் கணினியின் விண்மீன் வரைபடத்தில் அவ்விடத்தில் எதுவும் காணாததால், அதை மர்மப் பொருள் என்று அவர் வானொலியில் அறிவித்துவிட்டார். உண்மையில் அது எஸ்.ஏ.ஓ. 141894 என்று ஏற்கெனவே பட்டியலிடப்பட்ட விண்மீன்; மென்பொருள் அமைப்பில் அது காட்டப்படாமல் இருந்தது, அவ்வளவே.

விண்மீனுக்குக் கோடு முளைத்தது எப்படி? ஒளி அலையாகப் பரவுவதால், தடையொன்றின் விளிம்பைக் கடக்கையில் சற்றே வளைகிறது. பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான். கருவிக்குள் ஒளியின் வழியில் எது குறுக்கிட்டாலும் இது நிகழும் என்றாலும், சிறிய துணைக் கண்ணாடியை மெல்லிய பட்டைகள் தாங்கிநிற்கும் தொலைநோக்கிகளில் இதன் அழகு முழுமையாகத் தெரியும். ஒவ்வொரு பட்டையும் தன் நீளத்துக்குச் செங்குத்தான திசையில், இரு பக்கமும் ஒளியைப் பரப்புகிறது. ஆகவே மூன்று பட்டைகள் ஆறு கதிர்களைத் தருகின்றன. நான்கு பட்டைகளோ, எதிரெதிர்ப் பட்டைகளின் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நான்கை மட்டுமே தருகின்றன. படத்திலுள்ள கதிர்களை எண்ணியே கருவியின் உள்ளமைப்பை ஊகிக்கலாம் என்பது எனக்கு இன்றும் அலுக்காத வியப்பு. மங்கலான விண்மீன்களுக்கும் இக்கதிர்கள் உண்டு, ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்தவை. அதனால்தான் பொலிவான ஒன்று மட்டும் தனித்து, விசித்திரமாகத் தோன்றுகிறது. மறு இரவே வால்நட்சத்திரம் நகர்ந்திருக்கும், விண்மீன் நின்ற இடத்திலேயே நின்றிருக்கும். சோதிக்க அது போதும்.

ஆயினும் அந்தப் படம்தான் 39 பேரைக் கொன்றது என்று நான் கருதவில்லை. இசை ஆசிரியராக இருந்த மார்ஷல் ஆப்பிள்வைட்டும் செவிலியரான போனி நெட்டில்ஸும் 1972இல் சந்தித்துத் தொடங்கிய குழு, பிற்காலத்தில் 'ஹெவன்ஸ் கேட்' எனப்பட்டது. 1975இல் ஒரிகன் மாநிலத்தின் வால்ட்போர்ட்டில் அவர்கள் பேசியதைக் கேட்டு, ஏறக்குறைய 20 பேர் வீடு வாசலைத் துறந்து உடன் சென்றனர். உயிருள்ள உடலோடு விண்கலம் ஏறுவோம் என்பதே அன்றைய போதனை. 1985இல் நெட்டில்ஸ் புற்றுநோயால் இறந்தார். உடல் இங்கேயே தங்கிவிட்டது. போதனை பொய்த்தது என்று கொள்ளாமல், உடல் வெறும் வாகனம், அதை விட்டுச் செல்லலாம் என்று ஆப்பிள்வைட் திருத்திக்கொண்டார். பொய்யென்று காட்டக்கூடிய ஒரு கூற்று, எதனாலும் காட்ட முடியாத கூற்றாக அன்று மாறியது. உயிர்க்கொல்லியான திருத்தம் அதுவே.

பள்ளிதோறும் தொலைநோக்கி வாங்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதிடுபவன் நான். ஆனால் இக்குழுவினரிடமும் தொலைநோக்கி இருந்தது. வால்நட்சத்திரம் தெரிகிறது, பின்னால் வரும் கலம் தெரியவில்லை என்று சொல்லி அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1997 மார்ச் 26 அன்று, சான் டியேகோ அருகே ரான்சோ சாண்டா ஃபேயில், அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாளிகையில் ஆப்பிள்வைட்டும் 38 சீடர்களும் இறந்து கிடந்தனர். ஹேல்-பாப்புக்குத் துணைப்பொருள் உண்டா இல்லையா என்பது தங்களுக்குப் பொருட்டே அல்ல என்று அவர்களுடைய இணையதளத்தில் எழுதப்பட்டிருந்தது.