ஏர்கோன் வாளியில் என்ன இருக்கிறது?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், ஏர்கோன் (ஏசி) குழாய் சொட்டும் இடத்தில் அம்மா ஒரு பழைய பெயிண்ட் வாளியை வைத்திருக்கிறார். காலையில் அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். ஒருநாள் அளந்து பார்த்தேன். இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஆறு லிட்டர்!

எல்லாம் காற்றில் இருந்த தண்ணீர்தான். கடையில் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் டீ) கிளாஸ் வெளியே வியர்த்து மேசையை நனைக்கிறதே, அதே கதை. நம் ஊர்க் காற்றில் அவ்வளவு நீராவி இருப்பதால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மீதும் அது நீராகப் படிந்துவிடும். ஏர்கோன் உள்ளே இருக்கும் குளிர்ச் சுருள் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது.

இதில்தான் காசு கரைகிறது. நீராவி நீராகும்போது, முன்பு ஆவியாக வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொட்டும். மின் பில்லில் வரும் அதே யூனிட்டில் (கிலோவாட்-மணி) சொன்னால், லிட்டருக்கு ஏறக்குறைய 0.68 யூனிட். ஆறு லிட்டருக்கு நாலு யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏர்கோன் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்தால்கூட, தண்ணீர் பிழியவே 1.3 யூனிட் போயிற்று. அறையின் சூட்டைக் குறைக்கும் செலவு தனி. 60 வாட் காத்தாடி அதே எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது.

காத்தாடி அறையைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் கொஞ்சம் சூடாக்கவே செய்யும். நம் தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அது விரட்டுகிறது, வியர்வை உலர்கிறது, உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கிறது. அதனால் ஏர்கோனை 26-இல் வைத்துக் காத்தாடியையும் சுழலவிடுவது நல்ல கூட்டணி. ஆளில்லாத அறையில் காத்தாடி சுற்றுவதுதான் வீண்.

மதுரையிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் யோசனை சொன்னார்: "ஜன்னல்ல வெட்டிவேர் தட்டியைக் கட்டி தண்ணி தெளி." கத்திரி வெயிலில் அங்கே அது அருமையாக வேலை செய்யும். 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், நீர் ஆவியாகி அந்தக் காற்றை 24 டிகிரி அருகே வரை இறக்க முடியும். கோலாலம்பூர் மதியத்தில் 33 டிகிரி, 65 சதவீதம். எல்லை 27-க்கு மேலேயே நின்றுவிடும், அதுவும் காற்று முழுக்க ஊறிப்போன பிறகு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கும் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரும் இதே ரகம். மூடிய அறையில் வைத்தால் புழுக்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொரு தப்பு, சின்ன அறைக்குப் பெரிய ஏர்கோன். இரண்டு குதிரைசக்தி இயந்திரம் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். தண்ணீரைப் பிழிய அவகாசமே இருக்காது. அறை ஜில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். பிசுபிசுப்பு தாங்காமல் 18-க்கு இறக்குவோம். மழைக்கால இரவுகளில் ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட, ஈரத்தைப் பிழிவதற்கென்றே இருக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம்.

ஜன்னல் விஷயத்தில் என் கட்சி இதுதான்: காத்தாடி மட்டும் என்றால் இரவில் நன்றாகத் திறந்து வையுங்கள், ஏர்கோன் என்றால் கதவிடுக்குகூட வேண்டாம். உள்ளே வரும் ஒவ்வொரு மூச்சுக் காற்றிலும் பிழிய வேண்டிய தண்ணீர் இருக்கிறது.

எங்கள் வாளி நிரம்பியதன் ரகசியம் பிறகுதான் புரிந்தது. மழைக்குப் பயந்து, துவைத்த துணியை அம்மா ஏர்கோன் அறையிலேயே காயப்போட்டிருந்தார். துணியிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து வாளிக்கு, நடுவில் எங்கள் பில். துணி ஸ்டாண்டைக் கார் நிறுத்தும் கூரையடிக்கு மாற்றினேன். இப்போது நாலரை லிட்டர்தான் சேர்கிறது. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று அம்மா முணுமுணுக்கிறார்.