வெறுப்பே இல்லாமல் ஓடும் பாகுபாடு

இனவெறி என்றதும் கத்துகிறவர், திட்டுகிறவர், கமெண்டில் விஷம் கக்குகிறவர் என்று ஒரு ஆள்தான் நம் கண்முன் வருவார். அந்த ஆள் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் செத்து நூறு வருஷம் ஆன பிறகும் அவருடைய கருத்து மட்டும் உயிரோடு இருந்து வேலை பார்க்கிறதே, அது எப்படி? மூச்சை அளக்கும் ஒரு கருவியின் கதையைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். 1840-களில் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் உருவாக்கியது. மூச்சை முழுக்க இழுத்துக்கொண்டு ஒரே தம்மில் ஊத வேண்டும். எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்று கருவி காட்டும். ஆஸ்துமாவிலிருந்து, தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்கள் வரை பலவற்றுக்கும் இன்றைக்கும் இதுதான் அடிப்படைப் பரிசோதனை.

இந்தக் கருவி அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் கையில் சிக்கியது. லூசியானாவில் அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளிகளுக்கு வேண்டியவர். அடிமை தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று சொல்லி, 1851-ல் அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் சூட்டியவர். கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு என்று இவர் எழுதினார். கட்டாய வேலைதான் அவர்கள் ரத்தத்துக்குத் தெம்பு கொடுக்கிறதாம்! அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் படைவீரர்களை ஆயிரக்கணக்கில் அளந்து, பெஞ்சமின் கோல்ட் என்பவர் 1869-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். அதிலும் அதே வித்தியாசம். கோல்ட் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கிய மருத்துவர் இல்லை, ஒரு வானியலாளர். அதனாலேயே அவர் எண்களுக்கு மரியாதை கூடியது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அளந்தால் வித்தியாசம் உண்மையிலேயே வரலாம். சின்ன வயதில் சாப்பாடு போதாமை, குறைமாதப் பிறப்பு, புகை சூழ்ந்த குடியிருப்பு என்று எல்லாமே நுரையீரல் வளர்ச்சியைக் குறைக்கும். அந்தக் கறுப்பினப் படைவீரர்களில் பலர் அடிமை வாழ்க்கையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள். அவர்களுக்கு மூச்சு குறைவாக இருந்திருந்தால் அதில் என்ன ஆச்சரியம்? 'இவர்கள் வாழ்ந்த வாழ்க்கை இப்படி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இவர்கள் உடம்பே இப்படி' என்று எழுதியதுதான் கோளாறு.

எழுதியதோடு நின்றிருந்தால் பழைய புத்தகத்தோடு போயிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் அது கருவிக்குள்ளேயே போய்விட்டது. ஸ்பைரோமீட்டர் வெறும் லிட்டர் கணக்கோடு நிற்பதில்லை. உங்கள் வயது, உயரம், பாலினத்துக்கு எவ்வளவு ஊத வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு அளவை வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் ஊதினீர்கள் என்று சொல்லும். கறுப்பினத்தவர் என்றால் இந்த எதிர்பார்ப்பு அளவை 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம். பரிசோதனைக்கு முன் தொழில்நுட்பப் பணியாளர் திரையில் இனத்தைத் தேர்ந்தெடுப்பார், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 3 லிட்டர் ஊதுகிறார். அவருக்கான எதிர்பார்ப்பு 4 லிட்டர் என்றால் முடிவு 75 சதவீதம். 80-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பது பல காலமாக இருக்கும் தோராய விதி. ஆகவே மருத்துவர் மேலே விசாரிப்பார். அதே ஆள், அதே மூச்சு, திரையில் மட்டும் 'கறுப்பினம்' என்று அழுத்துகிறோம். எதிர்பார்ப்பு 15 சதவீதம் குறைந்து 3.4 லிட்டர் ஆகிறது. முடிவு 88 சதவீதம். நார்மல், வீட்டுக்குப் போகலாம்.

பட்டனை அழுத்தியவருக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. கார்ட்ரைட் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் 1999-ல் பால்டிமோரில், கல்நார் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்கள் போட்ட நஷ்டஈட்டு வழக்குகளில், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு மட்டும் தகுதி வரம்பைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்க முடிந்தது. காட்டிய ஆதாரம் இந்தத் திருத்தக் கணக்குதான்.

சரி, எல்லாக் கருவியிலிருந்தும் இனத்தைத் தூக்கிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா?

அமெரிக்க மருத்துவமனைகளில் கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்ட ஒரு வகை மென்பொருளை 2019-ல் ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் அல்காரிதம் அது. நோயாளியின் இனம் அதற்குள் எங்குமே கிடையாது. ஆனாலும் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் கறுப்பின நோயாளிதான் அதிகம் நோய்வாய்ப்பட்டிருந்தார். காரணம், மென்பொருள் கணித்தது நோயை இல்லை, செலவை. யாருக்கு அதிகம் செலவாகுமோ அவருக்குத்தான் உடம்பு மோசம் என்று வைத்துக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே நோய்க்குக் கறுப்பினத்தவருக்கு இதுநாள்வரை குறைவாகத்தான் செலவழிக்கப்பட்டிருந்தது. மருத்துவம் கிடைக்காதவர் கணக்கில் ஆரோக்கியமானவர் ஆகிவிட்டார். இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நிறத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதே தப்பாகப் போன இடமும் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளும் ஒளியை உறிஞ்சும். வெளிர்நிறத் தோலை முக்கியமாக வைத்துச் சரிபார்த்த கருவி கருமையான தோலில் தடுமாறுகிறது. அதுவும் ஆபத்தான பக்கமாக, இருப்பதைவிட அதிகமாகக் காட்டுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே இருந்த நிலை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். புதிதாகக் கண்டுபிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. 1990-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்திருந்தது.

கோடாக் நிறுவனத்தின் கலர் பிலிம் கதையும் இதே ரகம். நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட அட்டை போகும். கறுப்பு முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற மாதிரி விழுந்தால் அது வெளிச்சத்தின் குற்றம் என்று விட்டுவிட்டார்கள். பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் செய்த பிறகுதான் பிலிமின் வேதியியலில் கை வைத்தார்களாம். மனுஷன் சொல்லிக் கேட்காததை நாற்காலி சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

கருவிகள் இப்படி. ஊடகமும் இணையமும் இதில் இன்னொன்றைச் சேர்க்கின்றன. அங்கே விளைவு திரும்பி வந்து காரணமாகிவிடும்.

அமெரிக்காவின் மூன்று பெரிய செய்தி வார இதழ்களில் 1988 முதல் 1992 வரை வறுமை பற்றி வந்த கட்டுரைகளின் படங்களை மார்ட்டின் கிலென்ஸ் என்ற அரசியல் அறிவியலாளர் எண்ணிப் பார்த்தார். படத்தில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம் கறுப்பினத்தவர். நாட்டின் உண்மையான ஏழைகளில் அவர்கள் 29 சதவீதம்தான். எந்தப் படமும் பொய்ப்படம் இல்லை. ஒவ்வொன்றும் உண்மையான ஏழை ஒருவரைக் காட்டியது. தேர்வில்தான் சாய்வு. அதிலும் வயதான ஏழைகள், வேலை பார்த்தும் வறுமையில் இருப்பவர்கள் என்று வாசகருக்கு இரக்கம் வரக்கூடிய செய்திகளில் கறுப்பு முகங்கள் குறைந்துபோயின. இதைப் பார்த்துப் பார்த்து வாசகர் மனதில் 'ஏழை' என்றால் ஒரு முகம் பதிகிறது. அடுத்த வாரம் படம் தேர்வு செய்கிறவரும் அதே வாசகர்தான்.

இணையத்தில் இந்தச் சுற்று இன்னும் வேகம். ஹார்வர்டு பேராசிரியர் லட்டான்யா ஸ்வீனியின் பெயரைக் கூகுளில் தேடியபோது, அவர் கைதானவரா என்று கேட்கிற மாதிரி ஒரு விளம்பரம் வந்தது. அவர் கைதானதே இல்லை. 2013-ல் இதை முறையாக ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் அதிகம் வைக்கும் பெயர்களைத் தேடினால், கைது என்ற சொல் இருக்கும் விளம்பரம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. யாராவது உட்கார்ந்து அப்படி அமைத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே பெயருக்கு நாலு விதமான விளம்பரங்களைச் சமமாக ஓடவிட்டு, எதை மக்கள் அதிகம் கிளிக் செய்கிறார்களோ அதை அதிகம் காட்டு என்று மென்பொருளுக்குச் சொன்னால் போதும். பார்க்கிறவர்கள் மனதில் இருக்கும் சந்தேகத்தை அது கிளிக் கிளிக்காகக் கற்றுக்கொண்டு, எல்லோருக்கும் திருப்பிக் காட்டும். ஸ்வீனி முன்வைத்த விளக்கங்களில் இதுவும் ஒன்று. இணையத்தில் குவிந்திருக்கும் எழுத்தைப் படித்துச் சொற்களைக் கற்கும் மென்பொருளும் வெள்ளையர் பெயர்களை இனிமையான சொற்களோடு நெருக்கமாக வைத்துக்கொள்கிறது என்று 2017-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. நாம் எழுதி வைத்ததைத்தானே அது படிக்கும்.

தெரிந்துபோனபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் குணம் தெரியும். கூகுள் போட்டோஸ் 2015-ல் கறுப்பினத்தவர் இருவரின் படத்துக்குக் 'கொரில்லா' என்று பெயரிட்டது. மன்னிப்புக் கேட்டார்கள். செய்த திருத்தம், கொரில்லா என்ற அடையாளத்தையே நீக்கியது. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தச் செயலிக்கு நிஜக் கொரில்லாவையும் அடையாளம் தெரியவில்லை.

நுரையீரல் கணக்கில் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் 2023-ல் இனத் திருத்தத்தைக் கைவிடச் சொன்னது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், ஆனால் வலியில்லாத முடிவு இல்லை. இனி பல கறுப்பின நோயாளிகளின் மூச்சு முன்பைவிட மோசமாகப் பதிவாகும். நஷ்டஈடு கேட்கிறவருக்கு அது உதவி. நுரையீரலில் அறுவை சிகிச்சைக்கோ தீயணைப்பு வேலைக்கோ தகுதி பார்க்கும்போது அதே எண் அவருக்கு எதிராகத் திரும்பலாம்.

இதுவரை நடந்தவற்றில் உருப்படியாகச் செய்தது சிறுநீரகத் துறைதான். ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் என்ற தசைக் கழிவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.18-ஆல் பெருக்கு என்று 1999-ல் சேர்த்திருந்தார்கள். அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம். 2009-ல் வந்த சூத்திரத்தில் அது 1.159 ஆனது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்க அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 18 இருப்பவரை 1.159-ஆல் பெருக்கினால் 20.9. வரிசை வாசலிலேயே நிறுத்திவிடும். 1972-லேயே மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின், மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டியிருந்தார். அப்படியிருக்க, ஒரு முழுக் கூட்டத்தின் தசையையும் ஒற்றைப் பெருக்கெண்ணில் அடைத்தார்கள்.

2021-ல் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு, இனம் இல்லாத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. பழைய சூத்திரத்தால் காத்திருப்புக் காலத்தை இழந்த கறுப்பின நோயாளிகளைக் கண்டுபிடித்து, பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தோண்டியெடுத்து, இழந்த காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் எல்லா மாற்று அறுவை சிகிச்சை மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போனது. அடுத்த ஒன்றேகால் வருஷத்துக்குள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வரிசையில் இடம் முன்னே நகர்ந்தது. அவர்களுக்குத் திரும்பக் கிடைத்த காலம், சராசரியாகத் தலைக்கு இரண்டு வருஷம்.